மிஷிரோ அம்மாளுக்குப் பிடிக்காமல் போன அத்தியாயம்

ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறன்று மாலை ஹமாகுரே ஊரிலிருந்த சிலைகள் அத்தனையும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சந்து முனைகளில் சின்ன மரக்கூடுகளுக்குள் நின்று பிள்ளைகளையும் வழிப்போக்கர்களையும் காக்கும் கல் ஜிசோ சாமிகள், மேட்டுக்கோயில் வாசலில் காவலிருக்கும் இரண்டு கல் நரிகள், நூடுல்ஸ் கடைக்கு முன்னால் ஓலைத்தொப்பி போட்டு வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பீங்கான் தனுக்கி என்ற காட்டுநாய்ப் பொம்மை, ரயில் நிலைய முற்றத்தில் கையில் குடையோடு நிற்கும் முதல் நகரத் தலைவரின் வெண்கலச் சிலை என்று ஒன்று பாக்கியில்லை. சில முழுதாகத் திரும்பின, சில கால்வாசி திரும்பின. ஏன் அப்படி என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அன்று மீன் ஏலத்தில் கானாங்கெளுத்தி விலை பாதியாக இறங்கியிருந்ததால் ஊர் முதலில் அதைப் பற்றித்தான் பேசியது. அதைப் பேசி முடித்த பிறகே, மிஷிரோ வீட்டு அம்மாளுக்கு இந்த வாரக் கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார்கள்.

மிஷிரோ வீடு, அந்தத் துறைமுகத்தில் படகுகளுக்கு வரி வாங்கிய காலத்திலிருந்து நிமிர்ந்து நிற்கும் வீடு. குறுக்காக வைத்த இரண்டு முள்ளங்கிகள் அதன் குலச்சின்னம். கூரை ஓட்டின் முனையிலும், சாவு வீட்டுக்கு எடுத்துப்போகும் காகித விளக்குகளிலும், இப்போதைய வீட்டுத் தலைவி டோகியே அம்மாளின் கறுப்புப் பட்டுக் கிமோனோவின் முதுகிலும் அந்த முள்ளங்கிகள் உண்டு. அதைப் பார்த்து ஒரு முறை சிரித்தவர்கள் ஊரில் இருந்தார்கள். இரண்டாம் முறை சிரித்தவர் இல்லை. ஆண்பிள்ளை இல்லாத தகப்பனுக்கு மூத்த மகளாகப் பிறந்ததால், வீட்டையும் பெயரையும் தூக்கிப் பிடிக்கும் கடமை டோகியேவின் தலையில் விழுந்தது. அவள் அதைப் பாரம் என்று நினைத்ததில்லை. உரிய வயதில் முனைக்குப்பத்துப் படகுக்காரர் வீட்டிலிருந்து மசாகி என்ற பையனை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார்கள். அவன் தன் வீட்டுப் பெயரை விட்டுவிட்டு மிஷிரோ மசாகி ஆனான். அந்தப் பக்கங்களில் அது வழக்கம்தான். நாற்பது வருடத்துக்கு மேல் அவர் வேலி கத்தரித்தார், கூரை ஓடு மாற்றினார், பேட்டைச் சங்கத்தின் புல்வெட்டும் முறைக்கு மிஷிரோ வீட்டின் சார்பில் போய்வந்தார், வாயைத் திறந்து எதையும் பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ சொன்னதில்லை.

சிலைகளின் விவகாரம் தொடங்கியது ஏழு வருடத்துக்கு முன்னால். மெத்தையை வெயிலில் போட்டு அடிக்கும்போது டோகியே படியில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிறன்று ரிமோட் கைக்கு எட்டாத இடத்தில் கிடந்தது, மசாகி சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஊர் ஒலிபெருக்கியில் ஐந்து மணி மெட்டு ஒலித்தது. திரையில் ‘பனிக்கொம்பு வம்சம்’ என்ற பொம்மைப்படத் தொடர் ஆரம்பித்தது. நீல முடி வைத்த பையன்கள், இறக்கை இல்லாமலே பறக்கும் மான், இருமும்போதெல்லாம் புகைவிடும் கிழட்டு டிராகன். வேறு வழியில்லாமல் அவள் பார்த்தாள். எரிந்து கிடந்த கோட்டைக்குள் ஹகுரோ என்ற சிறுவன் சாம்பலைக் கிளறி, தன் குலத்தின் உடைந்த கொம்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைசி மூச்சுவரை இந்தப் பெயரைச் சுமப்பேன் என்று சொன்னபோது அவளுடைய மூக்கு லேசாக ஒழுகியது. அன்று ஊரில் மழை இல்லை. ஆனால் ஜிசோக்கள் எல்லாவற்றின் கன்னங்களும் நனைந்திருந்தன, நகரத் தலைவரின் வெண்கல மீசையிலிருந்து நீர் சொட்டியது.

அடுத்த வாரம் டிராகன் தும்மித் தன் மீசையைத்தானே பொசுக்கிக்கொண்டபோது நூடுல்ஸ் கடைத் தனுக்கி தொப்பி விழும்படி சிரித்தது. அதற்கடுத்த குளிர்காலத்தில் ஹகுரோ எதிரிகளின் பாலத்தில் தனியாக நின்ற ஞாயிறன்று கோயில் நரிகளின் காதுகள் விறைத்துக்கொண்டன, பனி உருகும் வரை இறங்கவில்லை. ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. கல்யாண ஜோடிகள் ரயில் நிலையத்தில் படம் எடுப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். தனுக்கி சிரித்த நாளில் நூடுல்ஸ் கடைக்காரர் ஒரு வறுத்த இறாலைச் சும்மா வைத்தார். யார் வீட்டிலிருந்து இது வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் நேரில் கேட்டதில்லை. டோகியேவும் ஒப்புக்கொண்டதில்லை. ‘பார்க்கிறேன்’ என்ற வார்த்தையை அவள் ஒருபோதும் சொல்லவில்லை. ‘ஓடிக்கிட்டிருக்கு’ என்பாள். ஓடிக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு மிஷிரோ வீட்டில் தொலைபேசி எடுக்கப்படாது, வாசல் மணிக்குப் பதில் இராது. மசாகி அவளுக்குப் பின்னால், வாசல்பக்கத்துப் பாயில் உட்கார்ந்து பச்சை சோயாக்காய் உரித்துக்கொண்டோ நகம் வெட்டிக்கொண்டோ இருப்பார்.

ஏழு வருடத்தில் ஹகுரோ வளர்ந்து வாலிபனாகியிருந்தான். அவனை அவளைப்போல் யாரும் திட்டியதில்லை. வாளைத் தவறாகப் பிடிக்கிறான், பெரியவர்கள் முன்னால் காலை நீட்டுகிறான், ஈரமான மானின் மேல் ஏறுகிறான். ஆனால் குலத்தின் பெயரை ஏந்தி நிற்பதில் அவன் குறை வைத்ததில்லை. அதனால் மற்றதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று வந்த புதிய அத்தியாயத்தில் அவன் கரிமலை வீட்டுக்குப் போனான். கோட்டையை எரித்த அதே வீடு. சண்டைக்குத்தான் போகிறான் என்று நினைத்து டோகியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அவனோ கூடத்தின் நடுவில் மண்டியிட்டு, உடைந்த கொம்பைத் தரையில் வைத்து, நெற்றி பாயில் படும்படி குனிந்து, உங்கள் மகள் யுசுகாவை எனக்குக் கொடுங்கள், இந்த வீட்டின் பெயரை நான் ஏற்கிறேன், இரண்டு பக்கமும் சாவது இத்தோடு நிற்கட்டும் என்றான்.

“என்னது? என்னது இது?” என்று டோகியே எழுந்தேவிட்டாள். “ஏழு வருஷம்! ஏழு வருஷமா நான் இங்க உக்காந்து இதுக்கா... எந்திரிடா! கொம்பைக் கையில எடுடா மடையா! அய்யோ, குடுத்துட்டான். குடுத்தே குடுத்துட்டான். பெத்தவங்க பேரைத் தூக்கித் தரையில வச்சிட்டு மாமனார் வீட்டுச் சோத்துக்குப் போறவன் ஒரு ஆம்பளையா? முதுகெலும்பு இல்லாத பய!”

பின்னால் சோயாக்காய் உரிக்கும் சத்தம் நின்றது.

“அப்படிங்களா” என்றார் மசாகி. உரித்த பருப்புக் கிண்ணத்தை மூடி வைத்தார், தோலைத் துடைத்து எடுத்துக்கொண்டார், தொப்பியை மாட்டிக்கொண்டு தோட்டத்து மூலையில் இருந்த கொட்டகைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் ஊரில் சிலைகள் திரும்பின.

அவர் அன்றிலிருந்து கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். சண்டை ஏதும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, குனிந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். வேலியைக் கத்தரித்தார். வெயில் அதிகம், கொட்டகையில் காற்று வருகிறது போலிருக்கிறது என்று டோகியே நினைத்துக்கொண்டாள். அவளுடைய கோபத்துக்கு இப்போது வேறு வேலை இருந்தது. அவள் தொலைக்காட்சி நிலையத்துக்கே போன் போட்டாள்.

“சொல்லுங்கம்மா, என்ன விஷயமா கூப்பிட்டீங்க?” என்றது ஒரு இளம் பெண்ணின் குரல்.

“ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு நீங்க என்ன காட்டுனீங்கன்னு உங்களுக்கே தெரியுமா?”

“உங்க கருத்துக்கு ரொம்ப நன்றிங்கம்மா. சம்பந்தப்பட்டவங்ககிட்ட...”

“கருத்து இல்லம்மா. தப்பு நடந்திருக்கு, திருத்துங்க. அந்தப் பையன் அப்படிப்பட்டவன் இல்ல. வளந்த விதம் எனக்குத் தெரியும்.”

“சரிங்கம்மா. உங்க வயசு மட்டும் கேட்டுக்கலாமா? பன்னெண்டுக்குக் கீழயா, பன்னெண்டுலருந்து பத்தொம்பதா?”

டோகியே போனை வைத்துவிட்டாள். வைத்த வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டர் விழுந்தது. வழக்கமாக அவளுக்கு எரிச்சல் வந்தால் நரிகள் பல்லைக் காட்டும். அன்று காட்டவில்லை. அதை அவள் அறியவில்லை.

ஊருக்கு வேறு கவலை வந்துவிட்டது. அந்தக் கடற்கரை ஊர்களில் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஜிசோ திருவிழா. பிள்ளைகள் ஜிசோக்களைக் கடலோரத்துக்கு எடுத்துப்போய்க் கழுவி, போன வருடத்துச் சாயத்தைச் சுரண்டி, முகத்துக்குப் புதிதாக வண்ணம் பூசுவார்கள். மஞ்சள் கன்னம், சிவப்பு உதடு, பிள்ளைகளின் இஷ்டம்போல் கண்கள். அப்படிப் பூசிய ஜிசோதான் அந்த வருடம் முழுக்கப் பிள்ளைகளைக் கடலிலிருந்து காப்பது. இப்போது பாதி ஜிசோக்கள் கூட்டின் பின்பலகையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றன. படையலுக்கான அரிசிப் பலகாரமான மோச்சியை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று கோயில் குரு தலைமை மடத்துக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. மீனவர் சங்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஜிசோவைப் பிடித்துத் திருப்பினார்கள். அது திரும்பியது. அவர்கள் வியர்வையைத் துடைப்பதற்குள் மறுபடி பழைய பக்கமே திரும்பிக்கொண்டது. ஊர் ஒலிபெருக்கியில், சிலைகள் திசை மாறி நிற்பதால் சிலையை அடையாளம் வைத்து வழி சொல்ல வேண்டாம் என்று அறிவித்தார்கள்.

கடைசியில் பேட்டைச் சங்கத் தலைவர் ஒகுமுரா மிஷிரோ வீட்டு வாசலில் வந்து நின்றார். மீன்வலைக் கடை வைத்திருக்கும் மனிதர், கழுத்துத் துண்டால் நெற்றியைத் துடைத்தபடியே இருப்பவர்.

“மிஷிரோ சான், தப்பா நினைக்காதீங்க. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு ஆயிட்டா என்ன செய்வோம்? ஒரு பெட்டி பலகாரம் வாங்கிக்கிட்டு வீடு வீடாப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவோம். போன வருஷம் எங்க வீட்டு நாய் குரைச்சதுக்கு நானே போனேன், உங்க வீட்டுக்கும்தான் வந்தேன்.”

“வந்தீங்க. டீ குடுத்தேன்ல?”

“குடுத்தீங்க.”

“மன்னிப்புக் கேட்டு வர்றவங்களுக்கு டீ குடுத்துத்தான் இந்த வீட்டுக்குப் பழக்கம், ஒகுமுரா சான். கேக்கப் போய்ப் பழக்கம் இல்ல. அதுவும் நான் என்ன பண்ணுனேன்? டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு. படம் எடுத்தவன் பண்ணுன தப்பு. பலகாரப் பெட்டியை அவன் தூக்கிக்கிட்டு வரட்டும்.”

“அவர் டோக்கியோவுல இருக்காருங்க...”

“ரயில் ஓடுதுல்ல?”

ஒகுமுரா துண்டைப் பிழிந்துகொண்டு போய்விட்டார். இதற்கிடையில் ஓபோன் நாட்கள் வந்தன. செத்தவர்கள் வீடு திரும்பும் மாலையில் எல்லா வாசலிலும் சணல்குச்சி கொளுத்தி வரவேற்பு நெருப்பு வைத்தார்கள். மிஷிரோ வாசலில் டோகியே கிமோனோ உடுத்தி, முதுகு வளையாமல் குந்தி உட்கார்ந்து, ஆறு தலைமுறை மிஷிரோக்களைப் பெயர் சொல்லி அழைத்தாள். அவர்கள் வந்தார்கள். வழக்கம்போல் அவளுடைய தகப்பனார் குளியல் தண்ணீர் சூடாக இல்லை என்று குழாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பிறகு வழியனுப்பு நெருப்பு வைத்து எல்லோரும் போனார்கள். மசாகி உதவிக்கு நின்றார், சாம்பலைக் கூட்டினார், கொட்டகைக்குப் போனார்.

அதற்குப் பின் வந்த ஞாயிறன்று, கதை சரியாகிவிடும் என்று டோகியே திடமாக நம்பினாள். அது ஒரு தந்திரமாகத்தான் இருக்கும், ஹகுரோ உள்ளே புகுந்து கொம்பை மீட்டுக்கொண்டு வருவான். ஐந்து மணி மெட்டு அடங்கியது. ஹகுரோ மாமியார் வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். அரை மணி நேரமும் அதுதான். ஓட்டை எப்படி அடுக்குவது என்று மாமனார் கீழே நின்று குறை சொன்னார், அவன் சரி சரி என்றான், யுசுகா ஏணியைப் பிடித்தாள். டிராகன்கூட வரவில்லை.

டோகியே கத்தினாள். மேசையைத் தட்டினாள். பிறகு, ஏழு வருடத்தில் முதல் முறையாக, தொடர் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் சிலைகளைப் பார்த்தாள். தன் எரிச்சலுக்கு இந்த ஊரில் என்ன ஆகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்வதுதான் மரியாதைக் குறைவு. நூடுல்ஸ் கடைத் தனுக்கி அசையவில்லை. கல்லையும் மண்ணையும் போல நின்றது.

“அதுங்களுக்கு இந்த வாரம் ஒண்ணும் இல்லீங்க” என்றாள் டோஃபு கடை ஃபுஜியே, வாளியைக் கவிழ்த்தபடி. ஃபுஜியேவின் மாமியார் காலத்திலிருந்தே அந்தக் கடைக்கும் மிஷிரோ வீட்டுக்கும் ஆகாது. “போன தடவை நீங்க மூஞ்சியத் திருப்புனீங்க, அதுங்களும் திருப்புச்சுன்னு ஊரே சொல்லுது. எனக்கென்னவோ அப்படித் தெரியல.”

“பின்ன எப்படித் தெரியுது உங்களுக்கு?”

“காலையில டோஃபு போட ஊரைச் சுத்தி வர்றேன்ல, பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். கிழக்க இருக்கிறது கிழக்க பாக்குது. மேக்க இருக்கிறது மேக்க பாக்குது. கடல் பக்கத்து ஜிசோ எல்லாம் கடலைப் பாக்குது. நடுவுல எந்த வீடு இருக்குன்னு நான் சொல்லணுமா? அதுங்க உங்களோட சேந்து திரும்பல மிஷிரோ சான். உங்களைப் பாக்கப் பிடிக்காமத் திரும்பியிருக்கு. ரெண்டு டோஃபு தரட்டுமா?”

டோகியே ஒரு டோஃபு வாங்கிக்கொண்டாள், வாங்காமல் போனால் தோற்றதாகிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றினாள். கிழக்கு முனை ஜிசோ கிழக்கே பார்த்தது. மேட்டுக்கோயில் நரிகள் மலையைப் பார்த்தன. நகரத் தலைவர் தண்டவாளத்தைப் பார்த்து நின்றார், அவருடைய வெண்கல முதுகில் புறா எச்சம் இருந்தது, இதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை. எங்கே நின்று பார்த்தாலும் அவளுக்கு முதுகுதான் கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பியபோது வாசல் ஜிசோ, மிஷிரோ வீட்டுச் செலவில் செதுக்கி அவளுடைய பாட்டனார் நிறுத்தியது, அதுவும் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தது. அப்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று அதனிடமே கேட்டாள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை, படத்தில் வந்த பையனைப் பார்த்து, மாமனார் வீட்டுச் சோற்றுக்குப் போகிறவன் என்று...

டோஃபு தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் மசாகி இல்லை. கடற்சுவரில் புல்வெட்டும் முறைக்குப் போயிருந்தார். டோகியே அந்தக் கொட்டகைக்குள் காலை வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. மடித்த படுக்கை, தூண்டில்கள், கத்தரிகள் எண்ணெய் போட்டு வரிசையாக. மூலையில் கவிழ்த்து வைத்த மீன்பெட்டியின் மேல் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு கறுப்பு நினைவுப்பலகைகள் நின்றன. செத்தவர்களின் பெயர் எழுதி வீட்டுப் பூசைமாடத்தில் வைக்கிற பலகைகள். இவை மசாகி பிறந்த குசுமி வீட்டாருடையவை. முன்னால் ஒரு குவளை டீ, இன்றைக்கு ஊற்றியது. ஒரு சின்னத் தட்டில் உரித்த சோயாக்காய். கொட்டகையின் பின்கதவைத் திறந்தாள். வேலியோரம், வெளியிலிருந்து யார் கண்ணிலும் படாத இடத்தில், சணல்குச்சி எரித்த ஒரு பிடிச் சாம்பல் இருந்தது. அதற்குக் கீழே தரை கறுத்துக் கெட்டியாகியிருந்தது, ஒரு வருடத்துச் சாம்பலால் தரை அப்படி ஆகாது.

அவளுக்கு எல்லாமே தெரிந்த விஷயம்தான். மசாகி குசுமி வீட்டின் மூத்த மகன். வழக்கமாக இளையவனைத்தான் கொடுப்பார்கள். மிஷிரோ வீடு கேட்டது என்பதால் மூத்தவனைக் கொடுத்தார்கள், பெயரைக் காக்க இளையவன் இருந்தான். கல்யாணம் ஆன அடுத்த குளிர்காலத்தில் அந்த இளையவனைக் கடல் கொண்டுபோயிற்று. மசாகியைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவருடைய தாய் வந்து இந்த வீட்டுக் கூடத்தில் குனிந்தாள். டோகியேவின் தகப்பனார் டீ கொடுத்தார். தாய் செத்த பிறகு தாய், தம்பி இருவரின் பலகைகளையும் மசாகி துணியில் சுற்றிக்கொண்டு வந்தபோது, ஒரு மாடத்தில் இரண்டு வீட்டுச் செத்தவர்கள் கூடாது என்றார் தகப்பனார். சரிங்க என்று மசாகி எடுத்துப் போனார். எங்கே எடுத்துப் போனார் என்று டோகியே கேட்கவில்லை. கோயிலில் வைத்திருப்பார் என்று இருந்துவிட்டாள்.

மசாகி அரிவாளோடு வந்து கதவருகே நின்றார். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“ஏன் சொல்லல?” என்றாள் அவள். அவளுக்கு வேறு குரல் வரவில்லை, அதட்டலாகவே வந்தது.

“பெரியவர் வேண்டாம்னாருங்களே.”

“அப்பா போய்ப் பத்தொம்பது வருஷம் ஆச்சு!”

“ஆமாங்க. மாத்திச் சொல்லிட்டுப் போகலையே.”

“வருஷா வருஷம் வந்து குழாயைத் திறந்து மூடுறாருல்ல, அப்பக் கேக்குறது!”

“அவர் குளிக்கிற நேரத்துல கேக்கிறது எப்படிங்க.” அரிவாளைத் துடைத்து அதன் ஆணியில் மாட்டினார். “அந்தப் பையன் குனிஞ்சான் பாருங்க, நெத்தி பாயில படுற மாதிரி. அதை நல்லா வரைஞ்சிருந்தாங்க. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கும் அப்படித்தான் குனிஞ்சேன். புதுப் பாயில நெத்தியை வச்சா பச்சைப்புல்லு வாசம் மூக்குல ஏறும். வெளிய நிக்கிற அம்மா தெரிய மாட்டாங்க, புல்லுதான் தெரியும். அதை எப்படி வரைஞ்சானோ. இங்க வந்து கேட்டுக்கிட்டுப் போன மாதிரி.”

நாற்பது வருடத்தில் அவர் இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசியது அதுதான் முதல் தடவை. மன்னிப்பு என்ற சொல் டோகியேவின் வாயில் உருவாகவே இல்லை, அதற்கான தசை அந்த வம்சத்தில் வளரவில்லை. அவள் இரண்டு பலகைகளையும் இரண்டு கையால் எடுத்தாள். கொல்லைப்பக்கம் கிட்டத்தில் இருந்தது. அவள் தோட்டத்தைச் சுற்றித் தெருவுக்கு வந்து, தலைவாசல் வழியாக உள்ளே கொண்டுபோய், தகப்பனாரின் பலகையை ஒரு சாண் இடதுபக்கம் நகர்த்தி, அந்த இடத்தில் அவற்றை நிறுத்தினாள். தகப்பனாரின் பலகை ஒரு தடவை ஆடியது. “சும்மா இருங்கப்பா” என்றாள். அது நின்றுவிட்டது. பிறகு மீதமிருந்த சணல்குச்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் ஆள்நடமாட்டம் இருந்தது, டோஃபு கடை திறந்திருந்தது. எல்லா வீட்டுச் செத்தவர்களும் திரும்பிப் போய்விட்ட பிறகு, முள்ளங்கிச் சின்னம் போட்ட கிமோனோகூட மாற்றாமல், சமையலறை ஏப்ரனோடு, மிஷிரோ டோகியே நடுவாசலில் குந்தி வரவேற்பு நெருப்பைப் பற்றவைப்பதை ஊர் பார்த்தது. மசாகி ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். சைக்கிளில் வந்த ஒகுமுரா காலை ஊன்றி நிறுத்தினார்.

“மிஷிரோ சான், ஓபோன் முடிஞ்சு போச்சுங்களே.”

“தெரியும்.”

“எல்லாரையும் அனுப்பியாச்சுங்களே...”

“இவங்களை இன்னும் கூப்பிடவே இல்ல, ஒகுமுரா சான். நாப்பது வருஷமா பின்பக்கமா வந்துட்டுப் போயிருக்காங்க. தள்ளி நில்லுங்க, புகை உங்க மேல வருது.” பிறகு தெருவே கேட்கும் குரலில், முதுகை வளைத்து, நெற்றி புழுதியில் படுமளவு குனிந்து, “குசுமி வீட்டாரே! இந்தப் பக்கம் வாங்க. இதுதான் வாசல்” என்றாள்.

வந்தார்கள். மசாகியின் தம்பி முதலில் வந்தான், நனைந்த பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தான், அது அந்த வாரம் முழுக்க ஈரமாகவே இருந்தது. தாய் உள்ளே வந்து கூடத்துப் பாயைக் கையால் தடவிப் பார்த்தாள். நெருப்பு அணைவதற்குள் வாசல் ஜிசோ வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நரிகள், தனுக்கி, கடலோரத்து ஜிசோக்கள் எல்லாம் அந்தி முடிவதற்குள் பழைய நிலைக்கு வந்தன. நகரத் தலைவர் மட்டும் அடுத்த நாள் முதல் ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். திருவிழாவில் பிள்ளைகள் முகம் பூசினார்கள், அந்த வருடம் ஊதா உதடுகள் அதிகம்.

கொட்டகையில் இப்போது தூண்டில்கள் மட்டும் இருக்கின்றன. மசாகி பின்னால் உட்காருவதில்லை. ஞாயிறு மாலைகளில் டோகியேவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரம்ப மெட்டிலிருந்து முடிவு மெட்டு வரை பேசுகிறார். நாற்பது வருடத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது. ஹகுரோ அடுக்கிய ஓடு காற்றுக்கு நிற்காது என்கிறார், மாமனாருக்கு உப்பில் ஊறிய பிளம் பழம் மாதிரி முகம் என்கிறார், மானுக்கு என்ன தீனி போடுகிறார்கள் என்று கேட்கிறார். டோகியேவுக்கு வசனம் ஒன்றும் காதில் விழுவதில்லை.

“கொஞ்சம் வாயை மூடுங்களேன்! அவன் என்ன சொன்னான்னே கேக்கல!”

“சரிங்க, சரிங்க. ஆனா அந்த ஏணியைப் பாத்தீங்களா, அதுல ஏறுனா...”

ஹகுரோ பெயரை மாற்றிக்கொண்டதை அவள் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மசாகிக்கு அந்த அத்தியாயம்தான் எல்லாவற்றிலும் பிடித்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹமாகுரே சிலைகளின் முகத்தில் இடது பாதி எரிச்சலோடு புருவத்தை நெரிக்கிறது, வலது பாதி சிரிக்கிறது. வெளியூரார் கேட்டால், அந்த வீட்டில் இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்று ரயில் நிலையத்தில் சொல்லி அனுப்புகிறார்கள். கடற்சுவருக்குப் புதிதாக ஒரு ஜிசோ வேண்டியிருந்தபோது, கல்தச்சர் முகத்தை அப்படியே பாதி எரிச்சலும் பாதி சிரிப்புமாகச் செதுக்கிக் கொண்டுவந்தார். அதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை.